இரண்டு செகண்ட் அவசரம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் கடையில் ஒரே பட்டுச் சேலையை இரண்டு கல்யாணப் பெண்களுக்கு விற்றோம். விற்றது யார்? கம்ப்யூட்டர். அதற்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது யார்? வேறு யார்... நான்தான்.

ஆரணிப் பட்டுக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் மேய்க்கிறவன் நான். பில், சரக்குக் கணக்கு எல்லாம் பார்க்கிற சர்வர் கம்ப்யூட்டர் எங்களிடம் இரண்டு. ஒன்று வேலை பார்க்கும். இன்னொன்று கையைக் கட்டிக்கொண்டு, செகண்டுக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று அதைக் கேட்கும். முப்பது செகண்ட் பதில் இல்லையென்றால், "ஆள் போய்விட்டான்" என்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

போன மாதம் முதல் சர்வர் நிஜமாகவே படுத்தது. அந்த முப்பது செகண்டும் முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நகர்ந்ததும் முப்பதை இரண்டாக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. யூ.பி.எஸ். தயவில் சர்வர் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. அவற்றின் பேச்சைக் கடத்துகிற டப்பாவுக்குத்தான் யூ.பி.எஸ். இல்லை — அதற்கான பிளக்கில் சாமி படத்து சீரியல் பல்பு. ஜெனரேட்டர் வரப் பன்னிரண்டு செகண்ட். அதற்குள் இரண்டாவது சர்வர் பட்டம் சூட்டிக்கொண்டது. முதலாவதோ, "நான் இங்கேதானே இருக்கிறேன்" என்று நாற்காலியை விடவில்லை. அப்புறம் கீழ்த்தளம் ஒன்றின் பேச்சைக் கேட்டது, மாடி மற்றதன் பேச்சை.

தேசூர்க்காரர்கள் காலையிலேயே மாடியில் ஒரு மாம்பழ மஞ்சள் சேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் நம்பர் சீட்டோடு சாப்பிடப் போயிருந்தார்கள். வந்து கீழே பில் போட்டார்கள். அதே நேரம் மாடியில் அதே சேலைக்குப் பில் போட்ட படவேட்டுக்காரர்கள், கையோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

"இன்னாங்க, பொண்ணு அந்தச் சேலதான்னு ஒரே புடியா கீது. பத்து நாள்ல முகூர்த்தம். வேற எதுனா காட்டுனீங்க, இங்கியே உக்காந்துக்கினு இருப்பேன்" என்றார் தேசூர்ப் பெண்ணின் அம்மா. பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது.

நல்லவேளை, அந்தச் சேலையை நெய்த கலாவதி வேறு வேலையாகக் கடைக்கு வந்திருந்தார்.

"ஏன் பேஜார் ஆவுறீங்க? தறியில ஏத்தற ஒரு பாவு நூலுல மூணு சேல. அதோட கூடப் பொறந்தது என் தறியிலயே கீது. ஏழு நாள் குடுங்க."

எனக்கு மூச்சு வந்தது. நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"எங்க தெருவுல பக்கத்து வூட்டுத் தறி சத்தம் நின்னா, டீ குடிக்கப் போயிருப்பாருன்னு நெனைப்போம். நீங்க ரெண்டு செகண்டுல பாடையே கட்டிட்டீங்களே சார்."

உடனே இரண்டை அறுபதாக்கினேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டு பிளக்கையும் மாற்றினேன். இது கம்ப்யூட்டர் புத்தியா என்ன? பெண்டாட்டி போனை எடுக்கவில்லையென்றால் மச்சானுக்கு, மச்சான் எடுக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு... நம் எல்லோருக்கும் இதே செட்டிங்தானே?

நேற்று ஏழாம் நாள். கலாவதிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஜுரமோ, பாவு அறுந்துவிட்டதோ... ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனால், வீடு பூட்டிக் கிடந்தது. வியர்த்து விறுவிறுத்துக் கடைக்குத் திரும்பினேன்.

உள்ளே தேசூர்ப் பெண், மஞ்சள் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கலாவதி, போனில் என் இரண்டு மிஸ்டு காலைப் பார்த்தபடி.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலாளியிடம் கேட்டார்:

"இவர எத்தினி செகண்டுல வெச்சிகினு கீறீங்க?"