பாய்க்கு அடியில் கிடைத்த மாத்திரைகள்

கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமத்துக்கு நான் வந்து நான்காவது வருஷம் அது. மகளுக்கு இரண்டு வயது. எங்கள் கிறிஸ்தவ சபை சிறியது. முப்பது குடும்பம்கூட இருக்காது. ஐந்து ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுபவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். மற்ற வாரங்களில் உபதேசியார் ஆராதனை நடத்துவார்.

அப்படி ஐயர் வந்த ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்களை உட்காரச் சொன்னார். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நாற்று நடப் போய்ப் பிழைப்பவர். அவருக்குக் காசநோய் என்றார் ஐயர். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். ஆனால் தினமும் ஒருவர் பக்கத்தில் இருந்து அவர் விழுங்குவதைப் பார்க்க வேண்டும், சபையில் யாராவது வர முடியுமா என்று அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா கேட்டிருந்தாராம்.

"யார் போறீங்க?"

நோயாளிகளுக்காக வாராவாரம் கண்ணீர் விட்டு ஜெபிக்கும் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஐயரின் பார்வை என்மேல் வந்து நின்றது.

"உங்க வீடு பக்கத்துலதானேம்மா?"

சபை நடுவில் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல்தான் தலையாட்டினேன். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

"கொயந்தய வச்சிக்கினு இன்னாத்துக்கு உனக்கு இந்த வேல?" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்தேன். அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையாக விழுங்குவார். நடுவில் இருமல் வந்தால் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்புவார். அந்த இருமல் என் கழுத்தில் வந்து படுவது போல இருக்கும். மாஸ்க்குக்குள் மூச்சை அடக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்த பிறகுதான் மகளைத் தொடுவேன். அப்போதும் அவள் முகத்தோடு முகம் வைக்கப் பயமாக இருக்கும்.

மூன்றாவது வாரத்தில் நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"போட்டுக்கினீங்களா அக்கா?"

"போட்டுக்கினேன் கண்ணு."

தினமும் மாத்திரை போட்டதைக் குறிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் டிக் போட்டுவிட்டு வேகமாக வந்துவிடுவேன். இப்படி மூன்று வாரம் போனது.

ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. தெருவில் வேறு யாரும் இல்லை. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கதவைத் தள்ளினேன். அவர் பாயில் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. தலையணை ஓரத்தில் ரத்தம் கலந்த சளி. தூக்கி உட்காரவைத்தபோது பாய் நகர்ந்தது. அதன் அடியில் மாத்திரைகள் கிடந்தன. மூன்று வார மாத்திரைகள்.

"போட்டா வயித்தப் பொரட்டுது கண்ணு" என்றார், மூச்சு வாங்க. "நீ கிட்ட உக்காந்துகினு இருந்தப்போ பல்லக் கடிச்சிக்கினு முயுங்குவேன். அப்பால, யாருக்காவ முயுங்கறதுன்னு பூட்ச்சி."

மாத்திரைகளை அள்ளி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் அப்போதிருந்த எண்ணம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலை என் தோளில் கிடந்தது. அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. விலக இடமில்லை.

டாக்டரம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு நாள்கூட விடாம போட்டிருக்காங்க. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு? மருந்து கேக்கலயோ?"

அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வாந்தி எட்த்துட்டேம்மா, அதான்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. நான் பேசாமல் இருந்தால் தவறான மருந்து கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். பேசினால் சபைக்கே தெரிந்துவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து மேஜைமேல் கொட்டினேன்.

"இதெல்லாம் அவங்க போட்டுக்கல டாக்டர். நான் பார்க்காமலே டிக் போட்டுட்டேன்."

டாக்டரம்மா திட்டினார். நர்ஸுகள், நோயாளிகள், அந்த அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். தலைகுனிந்து நின்றேன். கடைசியில், "நாளையிலிருந்து என்ன பண்ணப் போற?" என்றார்.

"உள்ள போய் உக்காருவேன்."

அப்படியே செய்தேன். வயிற்றைப் புரட்டாமல் இருக்க வேறு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். நான்காவது மாதம் எனக்கே இருமல் வந்தது. மகளுக்கும் வந்தது. இருவருக்கும் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மகளைத் தூங்கவைக்கும்போது எனக்கு ஜெபம் வரவில்லை. இவளை விட்டுவிடு, இவளை விட்டுவிடு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒன்றுமில்லை, சாதாரணச் சளி என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆறு மாதத்துக்கு மேலேயே ஆனது. அந்த அக்காவுக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனாலும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டு நடக்கும்போது மகள் அந்த இடைவெளியில் தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். கைகளைக் குழந்தைமேல் வைக்காமல் தூக்கியே வைத்திருந்தார்.

"பிடிச்சுக்கோங்க அக்கா, விழுந்துடப் போறா" என்றேன். என் குரல் நடுங்கியது அவருக்கும் கேட்டிருக்கும்.