செலினா அக்காவின் நீலக் கிராங்க்

செலினா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது தனசேகர். நேரில் அல்ல. செங்கல்பட்டு மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுவில், ஒரு தாமரைப் படத்துக்குக் கீழே, 'நம் தொழிலின் பெருமை, சகோதரி செலினா அவர்களின் மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று போட்டிருந்தார். பொத்தேரியில் ஒருவருக்குக் கிராங்க் கொடுத்துவிட்டு நாஸ்தாவுக்கு உட்கார்ந்திருந்தேன். அக்கா வீட்டிலிருந்து நான்கு முறை போன் வந்திருந்தது; பைக் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இலையில் இட்லியை அப்படியே விட்டு எழுந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இந்தச் செய்தியைச் சொல்ல இந்த உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அக்காவைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பாதிக் கதைதான் உங்களுக்குத் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன் நான் தனசேகர் மேனேஜராக இருந்த சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். அக்கா ஒரு லேத்துப் பட்டறையில் கிராங்க் கிரைண்டிங் செய்துகொண்டிருந்தார். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அந்தக் கனத்த தண்டு தேய்ந்துபோனால், அதைச் சாணைக்கல்லில் மயிரிழை கணக்கில் தேய்த்துச் சரிசெய்யும் வேலை. மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டும் ஜாபர் பாயின் காருக்கு அக்கா கிராங்க் தேய்த்துக் கொடுத்தார். எஞ்சினை நான் பூட்டினேன். ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்துக்குப் ஆயில் கசியாமல் தடுக்கும் புது கேஸ்கெட் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "பேஸ்ட்டை வெச்சு மூடு, வண்டி இன்னிக்கே போவணும்" என்றார் தனசேகர். நானும் பேஸ்ட்டை அள்ளி அப்பினேன்.

ஒரே மாதம். கடற்கரைச் சாலையில் பயணிகளோடு போகும்போது எஞ்சின் இறுகி நின்றது. பிரித்துப் பார்த்தால் கிராங்கின் மூன்றாவது பின் மட்டும் நீலமாக வெந்திருந்தது. பிஸ்டனின் கை பிடித்துச் சுழலும் உருளைதான் பின். அதற்கு ஆயில் வரும் ஓட்டையில் காய்ந்துபோன பேஸ்ட் கட்டி. நான் வைத்த பேஸ்ட். தனசேகர் பார்த்தார். "கம்பி வுட்டு எடுத்துடு. வாயத் தொறக்காத" என்றார். எடுத்தேன், திறக்கவில்லை.

அதன் பிறகுதான் அக்காவையும் பட்டறை முதலாளியையும் பாயையும் கூப்பிட்டார். "கிரைண்டிங் சூடு இது. கல்ல அழுத்திப் புடிச்சு மெஷின்லயே எரிச்சிட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவின் வட்டக் கண்ணாடியை எடுத்துக் கிராங்கின் இடுக்கில் பிடித்தார்.

"பாய், இங்க வந்து பாருங்க. கல்லு சூடுன்னா தோல் மேலதான் நிக்கும். எமரி பேப்பர்ல ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும்." இழுத்துக் காட்டினார். நீலம் போகவில்லை. "இப்ப கண்ணாடில பக்கவாட்ட பாருங்க. பின்னுகிட்ட நீலம், தள்ளி போவ போவ பழுப்பு, அப்பால வைக்கோல் கலரு. என் கல்லு இங்க தொடவே தொடாது. தொடாத எடம் எப்பிடி வேவும்? வண்டி ஓட ஓட உள்ளேர்ந்து வெந்துகினு வந்திருக்கு. வண்டில ஆயிலே இல்லன்னா நாலு பின்னும் வெந்திருக்கும். மத்த மூணும் பளிச்சுனு கீது. இது ஒண்ணுக்கு மட்டும் வழி அடைச்சிருக்கு."

கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டார். தாராளமாகப் போய் வந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"குமரேசா, நீதான பிரிச்ச? ஓட்டையில இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

அன்று சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சர்வீஸ் சென்டர் வேலைதான் அந்தப் பட்டறைக்குச் சோறு. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் 'கிராங்கை எரிச்ச பொம்பள' என்ற பேர் முன்னால் போய் நின்றது. இரண்டு வருடம் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கருங்கல்லுக்கு மெருகு போட்டார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை கல்தூசிக்குள். கடைசியில் நுரையீரலைத் தின்றது அந்தத் தூசிதான் என்றார் டாக்டர். தனசேகர் அவர்களே, உங்கள் தாமரைப் படத்துக்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அக்காவை நம்பிய ஒரே ஆள் வண்டிக்காரரே. வெந்த கிராங்கைப் பாய் வாங்கி அக்காவிடமே கொடுத்துவிட்டார். பிறகு அக்கா ஒரு பழைய மெஷினை வாங்கித் திருக்கழுக்குன்றம் சாலையில் ஷெட் போட்டபோது, அந்தக் கிராங்கை வாசலில் நிறுத்திவைத்தார். நீலப் பின் சாலையைப் பார்த்தபடி இருந்தது. தனசேகர் வீட்டுக்குப் போகும் சாலையும் அதுதான். சனிக்கிழமைதோறும் துரு ஏறாமல் ஆயில் துணியால் துடைப்பார். அதை விலைக்குக் கேட்டு தனசேகர் ஆள் அனுப்பினார். "எடைக்குப் போடற இரும்பு இல்ல இது. அவரயே வரச் சொல்லு, வந்து பாத்துட்டு போவட்டும்" என்று திருப்பி அனுப்பினார். மன்னித்துவிடேன் என்று கோயில் பாதர் சொன்னதற்கு, "மன்னிக்கிறது உங்க வேல பாதர். எனக்கு கிரைண்டிங்குதான் தெரியும்" என்றார். பாதர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

வேறொரு எஞ்சின் கெட்டபோது பழியை என் தலையில் கட்டி என்னையும் தனசேகர் வெளியேற்றினார். போக இடமில்லாமல் அக்காவின் ஷெட்டுக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேல கீது. நாளைக்கு வா" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

மறுநாள் என் முன்னால் முதல் கிராங்கை வைத்தார். ஓட்டைகளைக் கழுவும் வேலை எனக்கு. கழுவி முடித்ததும், வாடிக்கையாளர் நிற்கும்போதே, சத்தமாகக் கேட்டார்: "குமரேசா, ஓட்டையில இன்னா இருந்துச்சு?" நான் பதில் சொல்ல வேண்டும். அழுக்கு, தூள், கரி என்று இருந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு வருடம், ஒரு கிராங்க் தவறாமல், அதே கேள்வி, அதே குரலில். வாசலில் நிற்கும் கிராங்கைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா பழிவாங்கியது அப்படித்தான். திட்டியிருந்தால் ஒரே நாளில் தப்பித்திருப்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அந்தப் பாய் வண்டி ஓட்டையில..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லு." அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

அடக்கத்தன்று அக்கா வீட்டுப் பந்தலில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். தனசேகர் ஆளுயர மாலையோடு வந்தார். "எங்களுக்குள்ள சின்ன மனஸ்தாபம் இருந்துச்சு, தொழில்ல சகஜம்" என்று ஆரம்பித்தார். அப்போது நானும் பாயும் அந்தக் கிராங்கைப் பாயின் காரிலிருந்து தூக்கிவந்து அவர் காலடியில் வைத்ததைப் பார்த்தீர்கள். நான் பேசியது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது, அழுகையில் குழறியது. அதனால் இங்கே மறுபடி சொல்கிறேன். ஓட்டையில் இருந்தது கேஸ்கெட் பேஸ்ட். வைத்தவன் நான். எடுத்து மறைத்தவன் நான். வைக்கச் சொன்னதும் மறைக்கச் சொன்னதும் தனசேகர். செலினா அக்கா எந்தக் கிராங்கையும் எரிக்கவில்லை.

தனசேகர் மாலையை நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தார். பாய் அந்த மாலையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், "இத வுட்டுட்டு போறீங்களே, எடுத்துக்கினு போங்க" என்று அவர் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றும் இருக்கிறது, அதற்காக வெட்கப்படவில்லை.

அக்காவின் மெஷினை அவர் மகள் என் பொறுப்பில் விட்டிருக்கிறாள். வட்டக் கண்ணாடியையும் கொடுத்தாள். கிராங்க் பழையபடி வாசலில்தான் நிற்கிறது, நீலம் சாலையைப் பார்த்தபடி. சனிக்கிழமை துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே தனசேகரின் கார் வந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். போகட்டும். வீட்டுக்குப் போக அவருக்கு வேறு சாலை கிடையாது.