ஒழுகாத கூடாரம்

வீட்டுக்குள் கூடாரம் கட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் செய்வதுதான். இரண்டு நாற்காலியை முதுகுக்கு முதுகு நிறுத்தி, மேலே ஒரு புடவையைப் போட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள். என் மகள் முதல்முறை அப்படிச் செய்த அன்று நான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் புடவையை உருவினேன். நாற்காலி சாய்ந்து அவள் கால்மேல் விழுந்தது. அழுதுகொண்டே ஏன் என்று கேட்டாள். புடவை வீணாகிவிடும் என்றேன். அது தரை துடைக்க வைத்திருந்த புடவை என்று அவளுக்கும் தெரியும்.

உண்மையான காரணம் என் கணவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். களமருதூர்ப் பக்கத்தில் கையகல நிலம்கூட இல்லாத குடும்பம் எங்களுடையது. நடவும் அறுப்பும் முடிந்து ஊரில் வேலை இல்லாமல் போனதும், அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். என்னையும் கூட்டிக்கொண்டுதான். வெட்டுகிற கரும்புக் காட்டின் ஓரத்திலேயே தங்கல். கணவருக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம். அவருடைய அப்பாவுக்குக் கரும்பு இருந்தது. எங்களைப் போன்றவர்கள் வெட்டுகிற கரும்பு.

மகள் பிறந்ததும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"பழைய கதைய மட்டும் கொழந்தைகிட்ட எடுக்காத. அது பள்ளிக்கூடத்துல போயி உளறும். நாளைக்கு எவனாவது ஒரு வார்த்த சொல்லிட்டா அது தாங்குமா?"

மகளின் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு என் வீட்டில் என்னைத் தெரிந்த ஆள் என்று யாரும் இல்லை. அவருக்குத் தெரியும்தான், ஆனால் தெரியாதது மாதிரி இருக்கப் பழகிவிட்டார். மகளுக்கு நான் பிறக்கும்போதே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஊசியும் ரத்தக் குப்பியுமாகப் பிறந்தவள்.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வகுப்புத் தோழி ஒருத்தி எங்கேயோ மலையில் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து பெருமையடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சு. சரியாக அந்த நேரம் பார்த்து என் கணவரின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. கல்வராயன் மலைமேல் இசை விழாவாம். கூடாரம் அவர்களே தருவார்களாம். சாப்பாடும் உண்டு, குழந்தைகளுக்குத் தனி நிகழ்ச்சியும் உண்டு.

"ஒரு ராத்திரிதான, இன்னா ஆயிடப் போவுது?" என்றார். "ஊர்ல இருக்கற பசங்கல்லாம் போவுது. நம்ம பொண்ணு மட்டும் வூட்லயே கெடக்கணுமா?"

நான் வரவில்லை என்றேன். மகள் முகம் தொங்கிப்போனது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு நான் சம்மதித்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மகள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு மறுபடி சிரித்தாள். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. விழா நடந்த இடம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய காடு. அதில் வரிசையாக ஆரஞ்சும் பச்சையுமாகக் கூடாரங்கள். மேடை ஒரு மூலையில். வாசலில் ஒரு பெண் எங்கள் கையில் துணிப்பட்டையைக் கட்டிவிட்டாள். சென்னைப் பெண்ணாக இருக்க வேண்டும், எல்லோரிடமும் சிரித்தபடியே பேசினாள்.

"ஃபர்ஸ்ட் டைம் கேம்பிங்கா?"

"ஆமாங்க. மூணு பேருக்குமே" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால், மேடை கட்ட வந்த ஆட்கள் நீலத் தார்ப்பாயை மரத்தோடு இழுத்துக் கட்டித் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கும் எங்கள் கூடாரங்களுக்கும் நடுவில் கயிறு கட்டியிருந்தது.

"அவங்களும் கேம்பிங்காம்மா?" என்றாள் மகள்.

நான் வாயைத் திறப்பதற்குள், பட்டை கட்டிவிட்டு எங்கள் கூடாரத்தைக் காட்டக் கூட வந்த பெண், "இல்லடா செல்லம், அது ஸ்டாஃப் ஏரியா" என்றாள்.

சாயங்காலம் பாட்டு ஆரம்பித்தது. பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல் வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிட்டார் வாசித்தான். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகள் ஆடினாள். முன்பின் தெரியாத பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புழுதி பறக்க ஆடினாள். வந்தது நல்லதுதான் என்று அப்போது எனக்கே தோன்றிவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. மலை மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் பெட்டிகளை மூடினார்கள். கணவர் சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று கொட்டகைப் பக்கம் ஓடினார். நானும் மகளும் கூடாரத்துக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துவிட்டோம்.

உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை மேலே பார்த்தது. எந்த மூலையில் முதலில் ஒழுகும் என்று பார்த்தேன். பையை எங்கே நகர்த்துவது, பிள்ளையை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று என் கையும் காலும் தாமாகவே தயாராகிவிட்டன. மழை வலுத்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தையல் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் ஈரமில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு துணி உலகத்தில் இருந்திருக்கிறது. விளையாட்டுக்குப் படுக்கிறவர்களுக்காக இதை உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள்.

"மழ சத்தம் சூப்பரா இருக்குல்லம்மா?" மகள் என் மடியில் படுத்துக்கொண்டாள். "நீ சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல எப்பனா இப்டி டெண்ட்ல படுத்திருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாசலிலேயே தலையாட்டியவள்தானே. ஆனால் அந்தத் துணிமேல் இருந்த ஆத்திரம் என் வாயைத் திறந்துவிட்டது.

"படுத்திருக்கேன். வருசா வருசம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போவாங்க. நானும் கூடப் போவேன். போற எடத்துல கேம்ப்பு போட்டுக்கினு இருப்போம்."

கேம்ப்பு என்பது எங்களை வேலைக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரியின் வார்த்தை. 'இந்தக் காட்டுல கேம்ப்பு போடு' என்பார். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த காடு எதுவோ, அதன் ஓரத்தில் கேம்ப்பு. அது முடிந்தால் பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த காடு. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷமாகிவிட்டது.

"கேம்பிங்கா? தெனமுமா? ஐயோம்மா, நீ லக்கிம்மா!"

"கேம்பிங் இல்லடி, கேம்ப்பு."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

ஒன்றில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? உரச் சாக்கைப் பிரித்துத் தைத்து மேலே போட்டதைச் சொன்னேன். கீழே கரும்பிலிருந்து உரித்த சோகை இலையைப் பரப்பி அதன்மேல் படுத்ததைச் சொன்னேன். காய்ந்த சோகை உடம்பெல்லாம் கீறி அரிக்கும் என்றேன். கரும்பு தின்னக் கூலியா என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்பார்கள். கேட்கிறவர்களில் ஒருத்தரும் கரும்பு வெட்டினவர் இல்லை. மகள் கேட்டதெல்லாம் வேறு. நிலா தெரியுமா, கரும்பை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாமா, பள்ளிக்கூடம் கிடையாதா. நிலா தெரியும், தின்னலாம், பள்ளிக்கூடம் கிடையாது என்றேன். மூன்றுக்கும் அவள் கண் விரிந்தது.

அதனால்தான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். கேம்ப்புலதான் பொறந்தான். தவழக்கூட ஆரம்பிக்கல. ஒரு தபா இதே மாதிரி மழ. சாக்கு ஒழுகிச்சு. நனைஞ்சு, ஜொரம் வந்து செத்துட்டான்."

அவள் "பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள்.

"வெக்கல. ஊருக்குத் திரும்பிப் போயி வெக்கலாம்னு இருந்தாங்க."

என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இனி என் வீட்டில் என்னைத் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். அவனையும் தெரிந்த ஆள்.

டிராக்டர் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே வண்டி கரும்பு ஏற்ற வந்த டிராக்டர்தான். டிரைவர் கெட்டவன் இல்லை. லோடு இல்லாமல் கிளம்பினால் அவன் வேலை போய்விடும். லோடு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறேன் என்றான். சீக்கிரம் ஏற்றினால் சீக்கிரம் கிளம்பும் என்று அம்மா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுத் தானே கட்டுக் கட்டாகச் சுமந்து ஏற்றினாள். பச்சை உடம்புக்காரி ஓட்டமும் நடையுமாகச் சுமந்தாள். பிள்ளை முதலில் அனலாகக் கொதித்தான். வண்டி கிளம்பும்போது உடம்பு ஆறியிருந்தது. "அம்மா, ஜொரம் வுட்டுடுச்சு" என்று நான் கத்திச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். அடுத்த வருஷம் அம்மா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அரசு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாள். நான் படித்தது அப்படித்தான்.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. குழந்தைகள் நிகழ்ச்சி என்று மேடைக்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். நிகழ்ச்சி நடத்திய பையன் மைக்கை நீட்டி, யாராவது உங்கள் வீட்டுக் கேம்பிங் கதை சொல்லுங்கள் என்றான். என் மகள் கையைத் தூக்கினாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கணவருக்குத் தெரியாது. "போ, போ, தைரியமா பேசு" என்று அவரே தள்ளிவிட்டார்.

"எங்கம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போதே கேம்பிங் போயிருக்காங்க. வருஷா வருஷம் போவாங்க. அவங்களே டெண்ட் செய்வாங்க. கரும்புக் காட்டுலதான் டெண்ட். எவ்ளோ வேணும்னாலும் கரும்பு சாப்பிடலாம். நிலா தெரியும். ஸ்கூலே கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டல் எழுந்தது. அவள் முகம் பூவாக மலர்ந்தது.

"அப்போ ஒரிஜினல் கேம்பர் அம்மாதான்! எங்க அம்மா? எழுந்திரிங்கம்மா" என்றான் அந்தப் பையன்.

எழுந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? மேடை ஓரம் நின்ற வாசல் பெண்கூடத் தட்டினாள். முதல் வரிசையில் யாரோ என்னைப் படமெடுத்தார்கள். மகள் சொல்ல ஆரம்பித்தபோது வெளுத்துப்போன என் கணவரின் முகம், கைதட்டல் ஓய்வதற்குள் தெளிந்துவிட்டது. நான் உட்கார்ந்ததும் என் தோளில் கை போட்டார். நாலு பேர் நடுவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பக்கம் சாய்ந்து, "உங்களுக்குக் கரும்புத் தோட்டமாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் என் கணவர். "அவங்க வூட்டுப் பக்கம் சின்ன வயசுலேர்ந்தே இந்தப் பழக்கந்தான்."

பொய் என்று சொல்லிவிட முடியாது. தோட்டம் அவருடைய அப்பாவுக்கு இருந்தது. எங்களுக்குப் பழக்கம் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக வெளியே விடக் கூடாது என்று பூட்டி வைத்ததை, கொஞ்சம் பளபளப்பு ஏறியதும் அவரே எடுத்துக் கடை விரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் கேட்க நினைத்தது அவரிடம் இல்லை.

சாமான் எடுத்துவைக்கக் கூடாரத்துக்குத் திரும்பினோம். கணவர் காரை எடுத்துவரப் போயிருந்தார். மகள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் அந்தக் கைதட்டலின் சந்தோஷம் அவளை விட்டுப் போகவில்லை. ஒரு காலால் குதித்துக்கொண்டே மடித்தாள். நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எல்லாம் சொன்னியே. தம்பியப் பத்தி மட்டும் ஏன் சொல்லல? மறந்துட்டியா?"

"மறக்கலம்மா" என்றாள். போர்வையின் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அது சோகமா இருக்கும். அதச் சொன்னா யாரும் கை தட்ட மாட்டாங்கம்மா."

அவள் சொன்னது சரிதான். தட்டியிருக்கமாட்டார்கள்.