முன்சக்கரத்தைக் கொடுத்தவனின் அம்மா

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. மாடியில் இரண்டு அறை கட்டி, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே கொசுவலை கட்டித் தருவது, தண்ணீர் வரவில்லை என்றால் பேச்சு வாங்குவது, திருப்பிப் பேசுவது எல்லாம் என் பாடு. வாசலில் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். குடிவந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் சுவரோரமாக நகர்ந்துதான் போவார்கள்.

பெல்ஜியம்காரம்மா நகர மாட்டார். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தவர், அறுபதை நெருங்கியவர். மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து ஊருக்கு ஓடிய பிறகும் ஆடி மாதம் வரைக்கும் இங்கேயே கிடப்பார். என் மாமியாரை “அக்கா” என்று கூப்பிட்டு, கீரை ஆய்ந்து கொடுத்து, அரைகுறைத் தமிழை அவரிடமே கற்றுக்கொண்டார். ஒரு சாயங்காலம் கீழே இறங்கி வந்து, எங்கள் டிவியில் சைக்கிள் பந்தயம் வருமா என்று கேட்டார்.

“என் பையன் ஓட்டறான்” என்றார்.

நாங்கள் இத்தனை வருஷம் பழகியும் அவர் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டதில்லை. சைக்கிள் ஓட்டுவது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்பதே எங்களுக்குப் புதிது. என் மாமியாருக்குத் தெரிந்த சைக்கிள் சாகசம் ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் ஊர் மைதானத்தில் ஓர் ஆள் நாள்கணக்கில் காலைக் கீழே ஊன்றாமல் சைக்கிளில் வட்டமடிப்பார். குளிப்பது, சாப்பிடுவது, பல் துலக்குவது எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி மூன்று வாரம் ஓடும் பந்தயம் என்று பெல்ஜியம்காரம்மா விளக்கியதும் மாமியார் அதைத்தான் நினைத்துக்கொண்டார்.

“ராத்திரி இறங்கித் தூங்குவானுங்களா?”

“தூங்குவான், அக்கா. ஓட்டல்ல.”

“அப்புறம் இன்னாத்துக்குப் பெரிசா பேசறீங்க?” என்று மாமியார் உள்ளே போய்விட்டார்.

அந்தச் சானலை வரவழைக்க நான் கேபிள்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. “அக்கா, ஊர்ல ஒருத்தரும் பார்க்கறதில்லக்கா. உங்க ஒரு வீட்டுக்காக எப்படிக்கா போடறது” என்றார். மழை பெய்தால் படம் கலங்குவதிலிருந்து, கம்பியை எங்கள் முருங்கை மரத்தில் கட்டிவிட்டுப் போனது வரைக்கும் நான் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அன்று சாயங்காலமே சானல் வந்தது.

தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிப்பார்கள். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் கம்மியோ அவருக்கு மஞ்சள் சட்டை. கடைசி நாள் பாரிஸ். இந்த மட்டும் சுலபமாகப் புரிந்துவிட்டது. பெல்ஜியம்காரம்மாவின் மகன் மட்டும் திரையில் எங்கேயும் தென்படவில்லை. அவன் ஜெயிப்பதற்காக ஓட்டுகிறவன் இல்லை, தன் குழுத் தலைவனை ஜெயிக்க வைப்பதற்காக ஓட்டுகிறவன் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். காற்று எதிரே அடித்தால் முன்னால் போய் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். தலைவனுக்குத் தாகம் எடுத்தால் பின்னால் வரும் காருக்குப் போய், சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மூச்சு முட்ட மறுபடி முன்னால் வர வேண்டும்.

“தண்ணி தூக்கற வேலைக்கா பெத்த புள்ளைய அனுப்பி வச்சிருக்கே?” என்றார் மாமியார்.

பெல்ஜியம்காரம்மா சிரித்தார். ஆனால் அவருக்கு உள்ளே ஒரு கவலை இருந்தது. அதை என்னிடம் மட்டும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னார். மகனுக்கு வயது ஏறிவிட்டது. இதற்கு முன் இரண்டு தடவை இந்தப் பந்தயத்தில் இறங்கி, இரண்டு தடவையும் பாரிஸ் வரை போக முடியவில்லை. ஒரு தடவை விழுந்து தோள் எலும்பு போயிற்று. இன்னொரு தடவை மலையில் பிந்திவிட்டான். ஜெயித்தவர் வந்து சேர்ந்த பிறகு ஒரு கெடு உண்டு. அதற்குள் வராதவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை பாரிஸ் போய்ச் சேர்ந்தால் குழுவில் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அவன் வேலை அதோடு சரி.

“போன் பண்ணக் கூடாது சொன்னான். என் குரல் கேட்டா வீட்டுக்கு வரணும் தோணும், சொன்னான்.”

அதற்குப் பிறகு எனக்கு எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் குக்கரை இறக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மாமியார் சீரியல் போய்விட்டதே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போட்டு வளர்ந்தவர். ஹெலிகாப்டரிலிருந்து காட்டிய வயல்களைத்தான் முதலில் பார்த்தார். அது சூரியகாந்தியா, எண்ணெய்க்கா, இத்தனை ஏக்கருக்கு நடுவே ஓர் ஆளைக் கூடக் காணோமே, களை யார் எடுப்பது என்று ஓயாத கேள்வி. பையனின் வேலை தொங்கலில் இருப்பதை நான் அவரிடம் உளறிவிட்ட பிறகு கேள்வி குறைந்தது. யாராவது விழுந்தால் “ஐயோ, முட்டி பேந்துடுச்சி” என்று தன் முட்டியைத் தடவிக்கொள்வார்.

எனக்கு அவர்கள்மேல் வந்தது ஒருவித மரியாதை. எனக்கு லேசில் யார்மேலும் அது வராது. முதல் நாள் தார்ரோட்டில் தோல் உரிந்து விழுந்தவன் மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்புகிற இடத்தில் நிற்பான். முன்னால் போகிறவனின் சக்கரத்துக்கும் பின்னால் வருகிறவனின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இருக்காது. அந்த வேகத்தில் தோளில் மாட்டிய பையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். மலையுச்சியில் யாரோ நீட்டும் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குளிர்காற்றுக்கு அதையே போர்வையாக்கி, நம் ஜவ்வாது மலைப் பாதையைவிட மோசமான வளைவுகளில் சரசரவென்று இறங்குவார்கள். எங்கள் வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போய்வரச் சொன்னால் “டயர்ல காத்து இல்ல” என்று காரணம் சொல்லும் ஆண்பிள்ளை ஒருவர் உண்டு. பெயர் எதற்கு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வருபவர்தான்.

கடைசி மலை நாள் வந்தது. அதைத் தாண்டிவிட்டால் பாரிஸ் வரை சமதரைதான் என்று பெல்ஜியம்காரம்மா காலையிலேயே சொன்னார். அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

மலையில் பாதி ஏறியிருப்பார்கள். அவர் மகனின் குழுத் தலைவனுக்கு மஞ்சள் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திடீரென்று அவன் சைக்கிளின் முன்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. ரோடு குறுகல், இரண்டு பக்கமும் ஜனம். குழுவின் கார் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் வந்த ஒருவன் சட்டென்று இறங்கி, தன் முன்சக்கரத்தைக் கழற்றி, தலைவன் சைக்கிளில் மாட்டி, முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டான். தலைவன் திரும்பிப் பார்க்காமல் போனான். கேமரா ஒரு கணம் தயங்கி, நின்றவனிடமே தங்கியது. ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாறைச் சுவரில் சாய்ந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் பின் ஒருவராக அவனைத் தாண்டிப் போனார்கள்.

பெல்ஜியம்காரம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டார். அவர் சொல்லாமலேயே எங்களுக்குத் தெரிந்தது.

“அவன் எதுக்குக் குடுக்கணும்? அந்தாளு நிக்கட்டுமே. இவனுக்கு வேலை போவுதே, அது யாருக்குத் தெரியுது?” மாமியார் கொதித்துப் போனார். நானும் அதையேதான் நினைத்தேன். எனக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெல்ஜியம்காரம்மா திரையில் கை வைத்தபடி திரும்பி எங்களைப் பார்த்தார்.

“நல்லா சாப்பிட்டிருக்கான், அக்கா. முகம் நல்லா இருக்கு” என்றார்.

அதற்குள் கேமரா முன்னால் போய்விட்டது. தலைவன் மூன்றாவதாக வந்தான். மேடை, பூங்கொத்து, முத்தம். இன்னும் பாதிப் பேர் மலையில் இருக்கும்போதே ஒளிபரப்பை முடித்துவிட்டு, என்றைக்கோ நடந்த கிரிக்கெட் மாட்சைப் போட்டார்கள். சானலைப் பிடித்துத் திட்டினேன், கேபிள்காரரையும் சேர்த்துத் திட்டினேன். அவன் கெடுவுக்குள் வந்தானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. மகனுக்குக் கொடுத்த வாக்கு, பெல்ஜியம்காரம்மா போன் பண்ணவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பிரவுசிங் சென்டர் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அந்தப் பந்தயத்தின் பக்கம் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவன் கெடுவுக்குள் வரவில்லை. கீழே படித்தேன். அவனோடு சேர்ந்து கிட்டத்தட்ட பாதிப் பந்தயமே பிந்தி வந்திருந்தது. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் ஓட்ட ஆளிருக்காது என்று நடுவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அவனும் உள்ளே.

ஓடி வந்து சொன்னபோது பெல்ஜியம்காரம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. மலையில் பிந்துகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் என்றார். எந்தக் குழு, எந்தத் தேசம் என்று பார்க்காமல் ஒன்றாகக் கூடிக்கொள்வார்கள். முடியாதவனுக்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள், தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனியாகப் பிந்தினால் தொலைந்தான். கூட்டமாகப் பிந்தினால் நடுவர்களால் யாரையும் தொடமுடியாது. வேறு சக்கரம் வந்து சேரும்வரை அங்கேயே நின்றிருந்தவனை அந்தக் கூட்டம் வழியில் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. காலையிலெல்லாம் ஒருவனை ஒருவன் முந்தப் பார்த்தவர்கள் இவர்கள். மஞ்சள் சட்டைக்காரனை மறந்துவிட்டு அந்தக் கூட்டத்தை நினைத்தே நான் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனபோதுதான் ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே காசு.

“இது எப்ப முடிஞ்சீங்க, அத்தை?”

“நேத்து, கிரிக்கெட்டு போட்டான் பாரு, அப்ப. புள்ள பாரிஸுக்குப் போய்ச் சேந்துட்டா மொட்டை போடறேன்னு நேர்ந்துகினேன்.”

“யாருக்கு மொட்டை?”

“ஓட்டறவனுக்குத்தான். எனக்கா போடுவாங்க?”

எனக்குத் தலை சுற்றியது. “அவங்க சாமி வேற, ஊரு வேற. அந்த ஆளோட தலைய நீங்க எப்படி அத்தை நேர்ந்துக்க முடியும்? அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?” என்று கத்தினேன். தன் பிள்ளைகளுக்கு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று காய்ச்சல் வந்தபோதெல்லாம் யாரையும் கேட்காமல் நேர்ந்துகொண்டு பழகியவர் அவர். கேட்டுவிட்டு வேண்டிக்கொள்வதா என்பது போல என்னைப் பார்த்தார். பெல்ஜியம்காரம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்தேன்.

பாரிஸ் நாளில் எல்லோரும் ஒரே கூட்டமாக அகலமான வீதியில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவன் எங்கே இருந்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கூட்டம் முழுக்கக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பெல்ஜியம்காரம்மா மூச்சை விட்டார். முகத்தைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டார். என் கணவர்கூட எழுந்து நின்று கை தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் மாமியாருக்கு வாய் நிற்கவில்லை. மஞ்சள் முடிச்சைக் கொண்டுவந்து காட்டி முழுவதையும் சொல்லிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பெல்ஜியம்காரம்மா முடிச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். “அவன் வரணுமா?” என்று கேட்டார்.

“எப்ப முடியுதோ அப்ப வரட்டும். சாமி காத்துகினு இருக்கும்.”

அவர் தலையாட்டி, முடிச்சைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு மேலே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் அறை பூட்டியிருந்தது. முடிச்சையும் ஆணியில் காணோம். காலி செய்துகொண்டு போய்விடுவாரோ என்று மாமியாரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இடுப்பு வரை தொங்கும் நரைமுடி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பெரிய கோயிலில் காசை உண்டியலில் போட்டுவிட்டு, முடியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வெயில் படாத தலை வெள்ளைவெளேரென்று, ஒன்றிரண்டு இடத்தில் கத்தி கீறிச் சிவந்திருந்தது.

மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். “உன்ன யாரும்மா போட்டுக்கச் சொன்னது? நான் அவன் தலையத்தானே நேர்ந்துகினேன்.”

“அந்தத் தலையும் நான் செஞ்சதுதான், அக்கா” என்றார் பெல்ஜியம்காரம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தார். என்னைச் சந்தனக் கட்டையும் கல்லும் கொண்டுவரச் சொன்னார். தானே உட்கார்ந்து அரைத்து, இரண்டு கையாலும் அள்ளி, எரியுதா எரியுதா என்று கேட்டுக்கொண்டே அந்தத் தலை முழுக்கப் பூசினார்.