பரசுராமன் நெஞ்சில் இருந்த வெள்ளை

பரசுராமனுக்கு இழுப்பு இருப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவன் வருவதற்கு முன்னால் அவன் மூச்சுச் சத்தம் வந்துவிடும். திருவண்ணாமலையில் அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின்கள் நிறைய. அதில் ஒன்றில்தான் அவனுக்கு வேலை. நாளெல்லாம் தோல் தூசியில் நின்றுவிட்டு, தனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்பான். "அந்த மிஷினை வுட்டுத்தான் பாரேன்" என்று பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஒரு தடவை சொன்னேன். "மிஷினுக்கும் மூச்சுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று என்னையே முறைத்தான்.

கடைசியில் அண்ணாமலையாரிடம் முறையிட்டான். இழுப்பு நின்றால் முடி தருகிறேன், அதுவரைக்கும் தலையில் கத்தி படாது என்பது வேண்டுதல். சாமி அவசரப்படவில்லை. பரசுராமனுக்குக் கல்யாணம் ஆகி, உண்ணாமலை என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை. முடி முதுகுக்கு இறங்கியது. விளக்கெண்ணெய் தடவித் தடவி, சீப்பே படாமல், கயிறு கயிறாகத் திரித்துக்கொண்டது. வெட்கப்பட்டுக்கொண்டு எப்போதும் அதன்மேல் துண்டைச் சுற்றியிருப்பான்.

எழுபத்தெட்டாம் வருஷத்தில் இழுப்பு ரொம்ப முற்றிப்போய், டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொன்னார். துணைக்கு நான் போனேன். எக்ஸ்ரே எடுக்கிறவன் பெயர் கண்ணாயிரம். சட்டையைக் கழற்று, தாயத்தைக் கழற்று, துண்டை அவிழ் என்று ஒவ்வொன்றாக உரித்துவிட்டு, பரசுராமனைப் பலகையோடு பலகையாக ஒட்டி நிற்க வைத்தான். துண்டை அவிழ்த்ததும் முடி வலது தோளுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது.

"முடியத் தூக்கிக் கட்டிக்கட்டுங்களா?" என்று பரசுராமன் கேட்டான்.

"முடி இன்னா இரும்பா? ஆடாம நில்லு. மூச்ச நல்லா இழுத்துப் புடி."

மூச்சை இழுக்க முடியாமல்தானே ஐயா இங்கே வந்திருக்கிறான் என்று எனக்கு வாய்வரை வந்தது.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். வலது பக்கம் மேலே, திட்டுத் திட்டாக வெள்ளை. எண்ணெய் ஏறிய சடை எக்ஸ்ரேயில் அப்படித்தான் விழும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தோன்றவில்லை. ஆம்பிளைக்குப் பின்னால் அவ்வளவு முடி தொங்கும் என்று யார் நினைப்பார்கள்? மறுபடியும் துண்டைக் கட்டிக்கொண்டுதானே பரசுராமன் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"டிபி" என்றார் டாக்டர்.

சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. "சளி ஏமாத்தும். படம் ஏமாத்தாது" என்று சொல்லிவிட்டு ஊசி மருந்து எழுதினார்.

மிஷின்காரர் அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் மாமனார் கோதண்டராமன் அடி அண்ணாமலையிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மகள் வேதாவையும் பேத்தியையும் வண்டியில் ஏற்றினார். அந்த எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டார்.

"படம் சுத்தமா வரட்டும் மாப்ள, பொண்ண அனுப்பறேன். அதுவரைக்கும் என் வூட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை வேதா அவனையே பார்த்துக்கொண்டு போனாள். பரசுராமன் அன்று அழவில்லை. அழுதால் இழுப்பு வரும் என்ற பயம்.

கோதண்டராமன் அந்தப் படத்தை வீட்டு ஜன்னலில் வெளிச்சம் படும்படி மாட்டிவைத்தார். மாப்பிள்ளை எங்கே என்று யார் கேட்டாலும் ஜன்னலைக் காட்டுவார். ஊரே வந்து பார்த்தது. ஒருவர் இருதயத்தைக் காட்டி இதுதான் ஈரல் என்றார். இன்னொருவர் விலா எலும்பை எண்ணிப் பார்த்து ஒன்று கம்மி என்றார். ஒரு கிழவி எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இங்கே பரசுராமன் யோசித்தான். மாமனார் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. மருமகன் வாசலுக்கு வரக் கூடாது, சரி. மலை சுற்றுகிறவன் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த ஊரில் எவனுக்குத் தைரியம் உண்டு? பௌர்ணமிக்குக் காத்திருக்க அவனால் முடியாது. தினமும் விடிந்ததும் கிளம்பி மலையைச் சுற்ற ஆரம்பித்தான். மாமனார் வீட்டு வேலிக்கு வெளியே நின்று, "தண்ணி" என்பான். கோதண்டராமன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே பார்த்துத் தலையாட்டுவார். வேதா ஒரு கையில் சொம்பும் இடுப்பில் குழந்தையுமாக வருவாள். தூக்கி ஊற்றுவாள், இவன் குனிந்து ஏந்திக் குடிப்பான். வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பான்.

ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்களில் இழுப்பு நின்றுவிட்டது. மிஷின் தூசி இல்லாமல், தினமும் மலைக்காற்றில் அத்தனை மைல் நடந்தால் நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் அவன் அதை நம்பவில்லை. "மூச்சு நல்லாத்தான் வருது. படத்துல இருக்குதே" என்பான். கொழுக்கு மொழுக்கென்று இருந்துகொண்டு, நோயாளி மாதிரி மெல்லப் பேசுவான்.

இரண்டாவது படம் எடுத்தார்கள். இந்தத் தடவை முடி இடது பக்கம் விழுந்தது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வலது பக்கம் சுத்தமாயிடுச்சு. இடது பக்கம் தாவிடுச்சு!" மருந்தை ஜாஸ்தி பண்ணினார். அடுத்த வருஷம் மூன்றாவது படம். முடி இன்னும் வளர்ந்திருந்தது. "இறங்குது" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. பரசுராமன் அந்தச் செய்தியோடு மறுநாளும் மலையைச் சுற்றினான். வழியில் துண்டு அவிழ்ந்துவிட, சடையும் நடையும் பார்த்து, ரமணாசிரமம் பக்கத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி அவன் காலில் விழுந்து வாழைப்பழம் கொடுத்தாள். பழத்தை மகளுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டான்.

அன்றைக்கு வேலியோரம் அவன் சொன்னதைக் கேட்டு வேதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இறங்குதுன்னா? இவ்ளோ தூரம் நடந்து வந்தீங்களே, மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"ராத்திரி இழுக்குதா?"

"இழுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது."

"சாமிகிட்ட இன்னான்னு வேண்டிக்கிட்டீங்க?"

"இழுப்பு நின்னா முடி தரேன்னு."

"படம் சுத்தமா வந்தா தரேன்னு சொன்னீங்களா?"

பரசுராமன் யோசித்தான். "அப்ப படமே எடுக்கலியே."

"அப்ப சாமிக்கும் படத்துக்கும் இன்னா சம்பந்தம்? அவரு வேலைய அவரு முடிச்சிட்டாரு. நீங்கதான் அவர ஏமாத்திக்கினு சுத்தறீங்க. அவரையே தெனமும் சுத்தறீங்க!"

பரசுராமன் நடுங்கிப்போனான். டிபிக்கு நடுங்காதவன் சாமி குத்தத்துக்கு நடுங்கினான். மீதி வழியை ஓட்டமும் நடையுமாக முடித்து, நேராகக் கோயில் வாசலில் மொட்டை போடுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தான். முடி மொத்தமும் இறங்கியது. தலையில் சந்தனத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த வாரமே நான்காவது படம். டாக்டர் பழைய படம் இரண்டையும் புதியதையும் வரிசையாக மாட்டினார். புதியதில் ஒரு வெள்ளையும் இல்லை. படத்தைப் பார்த்தார். பரசுராமனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற கண்ணாயிரம் கூரையைப் பார்த்தான். டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மருந்து கேட்டிருக்கு" என்றார்.

பரசுராமன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனான். நானும் கூடப் போனேன். கோதண்டராமன் வாங்கி வெயிலில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். ஜன்னலில் இருந்த பழைய படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இது வேற யாரோ. என் மாப்ளைக்கு மேல வெள்ளையா இருக்கும்" என்றார்.

"மாமா, நான்தான்."

"நீ கம்முனு இரு. தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் வேதா உள்ளேயிருந்து ஒரு துணி மூட்டையும் குழந்தையுமாக வந்துவிட்டாள்.

"சரிப்பா. ஜன்னல்ல இருக்கறவரு உங்க மாப்ளயாவே இருக்கட்டும். அவர நீங்க வெச்சுக்குங்க. எனக்கு வாசல்ல நிக்கறவரு போதும்."

வேலியைத் தாண்டி வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். இத்தனை நாளும் வேலிக்கு வெளியே நின்றே அவன் பார்த்த குழந்தை. மூன்று வயதை நெருங்கிவிட்டது, கனமாக இருந்தது. அது அவன் மொட்டைத் தலையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தது. பரசுராமன் நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதான். அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதான். இழுப்பு வரவில்லை. வேதா அவன் நெஞ்சில் காதை வைத்து, அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.