செல்வலட்சுமி கேட்ட முதல் கேள்வி

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் உண்மை சொல்ல மாட்டோம். குடிப்பாயா, பெண்டாட்டியை அடிப்பாயா என்று கேட்டால்கூட ஏதாவது உளறிவிடுவோம். ‘வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?’ என்று கேட்டால் வாய் தானாகப் பொய் சொல்லும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை பார்ப்பவரும் அவர் துணையும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கலாம். வளர்ந்த பிள்ளை, கட்டிக் கொடுத்த மகள், வேலை முடிந்த தகப்பன் யாரும் இருக்கக் கூடாது. இருப்பது தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வரும். ஆனால் அப்படி ஒருவராவது இல்லாத வீடு எங்கள் வரிசையில் கிடையாது.

அந்தக் கேள்வியைத்தான் செல்வலட்சுமி வந்ததும் வராததுமாகக் கேட்டு வைத்தாள்.

பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டுக்கு அவள் மழையோடு மழையாக வந்து சேர்ந்தாள். கோயமுத்தூரில் எம்.எஸ்சி. படிக்கிறாளாம். குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துப் பேசிப் பேசியே சண்டையைத் தீர்க்கிற படிப்பு பாதி. கம்பெனிக்குள் போய், நிர்வாகத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில் எங்கே முறுக்கிக்கொண்டது என்று கண்டுபிடித்துச் சொல்கிற படிப்பு மீதி. கடைசியில் ஓர் இடத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வேலைக்கு மட்டம் போடுகிறார்கள், வீடுகளில் சண்டை அதிகம், ஏன் என்று பார்த்துச் சொல்லச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள். மலையாளி வெல்ஃபேர் ஆபீசர் சுஜின் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

நான் சுருளிவேல். ஃபாக்டரியில் தேயிலை காய வைக்கிற டிரையர் ஓட்டுகிறேன். யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அவள் வந்து இறங்கியது சுஜினின் ஜீப்பில், தங்கியது கம்பெனி குவார்ட்டர்ஸில். எனக்கு அது போதும். ‘கம்பெனி ஆளு’ என்று குழாயடியில் முதலில் சொன்னவன் நான்தான். அதைச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

முதலில் அவள் போனது பக்கத்து வீட்டு ராசம்மாளிடம். ராசம்மாள் கொழுந்து எடுக்கிறவள், புருஷன் இல்லாதவள். அவள் மகள் கோமதியைக் கீழே கம்பம் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. புருஷன் அடித்த அடியில் ஒரு காது சரியாகக் கேட்காமல் போய், கோமதி அம்மாவிடம் வந்து ஒளிந்திருந்தாள். இது லயம் முழுக்கத் தெரியும், ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

“வீட்டுல யாரு யாரும்மா இருக்கீங்க?”

“நான் ஒத்தையிலதான் தாயி.”

உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. செல்வலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“பூனை,” என்றாள் ராசம்மாள். “அதுக்குச் சளி.”

அடுத்து என் வாசலுக்கு வந்தாள். நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான் என்றேன். வாசலில் நின்ற ஜீப் யாருடையது என்று கேட்டாள். அது என் மகன் சதீஷ் டூரிஸ்டுகளை ஏற்றி ஓட்டுகிற ஜீப். யாரோ டூரிஸ்டு நிறுத்திவிட்டுப் போய்விட்டான் என்றேன். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். நானும் அவளை ஒரு மாதிரிதான் பார்த்தேன்.

வரிசை முழுக்க இதே கதைதான். கொடியில் பேன்ட் காயும், ‘பிள்ளைங்க இல்ல’ என்பார்கள். இந்த மனிதர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம் முற்றியது. இவளும் எதையோ மறைக்கிறாள் என்று எங்களுக்கு முற்றியது. ராசம்மாள் வீட்டு வாசலுக்கு மட்டும் அவள் மறுபடி மறுபடி போனாள். அந்தப் பூனை அவளை விடவில்லை.

இதற்கு மேல் நடந்ததில் பாதி, பிறகு அவள் வாயாலேயே சொல்லிக் கேட்டது.

ஒரு நாள் சுஜின் அவளைக் கூப்பிட்டு டீ கொடுத்திருக்கிறார். மட்டம் போடுவது பற்றிக் கேட்கவில்லை, சண்டை பற்றிக் கேட்கவில்லை. “ராசம்மாள் வீட்டுல மகள் கோமதி வந்து நிக்குதுன்னு கேள்விப்பட்டேன் கேட்டோ. மேடம் பாத்தீங்களா? சும்மாதான் கேக்கறேன்,” என்றிருக்கிறார். சும்மா கேட்கிற முகமாக அது இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அவர்மேல் சந்தேகம் வந்தது.

வெளியே வந்து தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா சாந்தம்மாளும் கொழுந்து எடுக்கிறவள்தான், தேவிகுளம் பக்கம் வேறொரு எஸ்டேட்டில். ஆமாம், இவளும் லயத்தில் பிறந்தவள்தான். ப்ளஸ் ஒன்னிலிருந்து ஹாஸ்டல், லீவுக்கு வந்து போவதோடு சரி.

“ஏம்மா, இங்க எல்லாரும் பொய்யா சொல்லுதாங்க. வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டா கூட…”

“ஏட்டி, அதப் போயி ஏன் கேட்ட?” என்று பதறியிருக்கிறாள் அம்மா. “உன்னையே நான் வீட்டுல இல்லன்னுதான சொல்லிட்டிருக்கேன். ஆபீஸ் வண்டிச் சத்தம் கேட்டா உன்ன ஏன் தண்ணிக்கு அனுப்புதேன்னு நெனச்ச?”

அவள் நினைத்தது வேறு. கல்யாணம் ஆகாத வளர்ந்த மகள் வீட்டில் இருப்பது அம்மாவுக்கு வெட்கம், அதனால்தான் நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தண்ணீருக்கு விரட்டுகிறாள் என்று நினைத்திருந்தாள். கல்லூரியில் அவரவர் குடும்பத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். இவள் எழுந்து நின்று, ‘என் அம்மா என்னை மறைக்கிறாள்’ என்று அழுதிருக்கிறாள். வகுப்பே தலையாட்டியிருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்களாம். வீட்டைக் காப்பாற்ற ஒருத்தி படுகிற பாடு அந்த விளக்கத்தில் எங்கே இருக்கிறது? இதை அவள் சொன்னபோது எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம்.

மறுநாள் சுஜினிடம் போய், சண்டைக்கும் மட்டத்துக்கும் காரணம் சொல்கிறேன், எந்த வீட்டில் யார் என்று ஒரு பெயரும் சொல்ல மாட்டேன் என்றாள். அவர் சிரித்தபடியே சொன்னாராம், “அப்ப ஒப்பு பிறகு பாக்கலாம் மேடம்.” இங்கே கையெழுத்துக்கு ஒப்பு என்பார்கள். அது கிடைக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

நேராக ராசம்மாள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வாசலில் நின்றிருந்தேன்.

“அம்மா, நான் யார்ட்டயும் எதுவும் சொல்லல. கோமதியக் கூப்பிடுங்க, பயப்பட வேண்டாம்னு சொல்லணும்.”

ராசம்மாள் அவளை வெறித்துப் பார்த்தாள். “கூப்பிட அவ எங்க இருக்கா? நீ வந்து வந்து பூனையத் தேடுனியே, வீடு போயிரும்னு பயந்து கம்பத்துக்கே அனுப்பிட்டேன். அடி வாங்குனாலும் வாங்கட்டும்னு பெத்த மகள நானே பஸ் ஏத்தி விட்டேன்.” சொல்லிவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

செல்வலட்சுமி கோமதிக்குப் போன் போடச் சொன்னாள். ராசம்மாள் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“கோமதி, நான் செல்வலட்சுமி. எஸ்டேட்டுக்கு வந்தவ. எப்படி இருக்கீங்க?”

அந்தப் பக்கம் ஓர் ஆணின் தொண்டைச் செருமல் கேட்டது.

“நல்லா இருக்கேன். ஒரு கொறையும் இல்ல. அப்படியே எழுதிக்கோங்க.” போன் கட்டானது.

“பொய் சொல்லுதா,” என்றாள் ராசம்மாள்.

“தெரியும்மா,” என்றாள் செல்வலட்சுமி.

காலையில் ராசம்மாள் வேலைக்குப் போகவில்லை. மகளைத் திரும்பக் கூட்டி வர, சதீஷ் அவளை நெடுங்கண்டம், கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்குக் கூட்டிப் போகத் தயாரானான். அந்த ஜீப்பை எந்த டூரிஸ்டு விட்டுப் போனான் என்று செல்வலட்சுமி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராசம்மாளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் முன்சீட்டில் ஏறினேன். செல்வலட்சுமி கீழேயே நின்றாள், தான் வரலாமா என்று தெரியாமல்.

ராசம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீ யாரு ஆளுன்னு எனக்கு இன்னும் வெளங்கல,” என்றாள். “இருந்தாலும் ஏறு. அந்தப் பய படிச்சவங்களக் கண்டா கைய ஓங்க மாட்டான்.”