அம்மா அழுத ஆட்டம்

எங்கள் கடற்கரையில் யாராவது இறந்துபோனால் மாதா கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். அன்று வள்ளம் கடலில் இறங்காது, பந்தும் மைதானத்தில் உருளாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடும் ஊர், சாவு நாளில் பந்தைத் தொட்டவனை மன்னிக்காது. ஒருமுறை உள்ளூர்க் கால்பந்துப் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்ட எங்கள் கிளப், மணிச்சத்தம் கேட்டதும் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் அதைப் பெரிய தியாகம் என்று பேசவில்லை.

அப்படிப்பட்ட கிளப்புக்கு, நாட்டின் பெரிய அணிகள் மோதும் நாக்-அவுட் கோப்பையில் ஆட இடம் கிடைத்தது. தோற்றால் வெளியே, அவ்வளவுதான். கையை விட்டால் நழுவிவிடும் என்பதுபோல ஊரே அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. மார்த்தாண்டத்தில் ஊர்ப் பெயரை அச்சடித்து ஜெர்சி வாங்கினார்கள். முதல் துவைப்பிலேயே பாதி எழுத்து உதிர்ந்தது. பாதிப் பையன்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்ததால் பதினான்கு பேர்தான் வடக்கே ரயில் ஏறினார்கள். அதில் கோல்கீப்பர் என் அம்மாவின் தம்பி. மாமாவுக்கு மாற்றாக நிற்கவேண்டியவனும் கடலில்தான் இருந்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டத்தன்று காலையில் அம்மாவுக்கு ஃபோன் வந்தது. அப்பா வளைகுடாவில் ஓர் அரபியின் லாஞ்சுப் படகில் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தார். கடலில் வைத்து நெஞ்சுவலி வந்து, கரை சேருமுன் இறந்துவிட்டார். கூட வேலை பார்த்த வேற்றூர்க்காரர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது அம்மா கடைசியாகச் சொன்னது மட்டும்தான்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் அண்ணா, பந்துகளி முடியுத வர எங்க ஊருல ஆருட்டயும் சொல்லிராதீங்க."

ஜெயித்தால் அப்பா எல்லோருக்கும் ஏதோ அனுப்பப்போகிறார், அதைத்தான் அம்மா மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் நாற்காலியில் உட்காரமாட்டார்கள். அம்மா அடுப்பு பற்றவைத்தாள், சாளைக் குழம்பு வைத்தாள். குழம்பில் உப்பில்லை என்று நான் முகத்தைச் சுளித்தேன். உப்பை எடுத்துவந்து வைத்தாள். மத்தியானம் எனக்குத் தலைசீவி, தானும் நல்ல சேலை உடுத்தி, பங்கு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோல்கீப்பரின் அக்கா வரவில்லை என்றால் ஊர் விடுமா?

மண்டப ஜன்னல்களைத் தார்ப்பாயால் மறைத்து, திரையில் ஆட்டத்தைக் காட்டினார்கள். எங்களுக்கு முன்வரிசை. எதிரணிக்காரர்கள் மாமாவைவிட ஒரு தலை உயரம். அவர்கள் அடித்ததையெல்லாம் மாமா பாய்ந்து பாய்ந்து பிடித்தார். மண்டபம் கத்தியது. அம்மாவும் கை தட்டினாள்.

இரண்டாம் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். அம்மா வாய்விட்டுக் கதறினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, ஒரு கோலுக்கா இப்பிடி நெலவிளிக்க? இன்னும் அரைமணிக்கூர் கெடக்கு!" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

"சும்மா இரும்மா, எல்லாரும் பாக்காவ" என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பையன் ஒருவன் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டான். சமன். கூடுதல் நேரம் உண்டு என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே, இந்த ஆட்டம் முடியவே கூடாது என்று ஜெபம் பண்ணினேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படியொரு ஜெபம்! மாதா அதைக் கேட்கவும் செய்தாள். இன்னும் அரைமணி நேரம், அதற்குப் பிறகு பெனால்டி. மாமா இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் தோற்றோம்.

ஊரே அழுதபோது அம்மா அழவில்லை. எழுந்து, பின்னால் நின்ற பங்குத்தந்தையிடம் போய் என்னவோ சொன்னாள். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மாமா ஒரு வருடம் அம்மாவிடம் பேசவில்லை. பிறகு பேசியபோதும் கேட்டது ஒன்றுதான். "அத்தான் செத்துக் கெடந்தப்போ நான் பல்லக் காட்டி சிரிச்சேன் எக்கா. ஊரு முழுக்க பாத்துச்சு. என்னய எதுக்கு சிரிக்க விட்டே?"

"சொல்லியிருந்தா பதினாலு பிள்ளையளும் களிக்காம திரும்பி வந்திருக்கும். அவரு திரும்பி வரவா போறாரு?" என்றாள் அம்மா. அவள் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. மாமா அதற்குப் பிறகு கோலில் நிற்கவேயில்லை.

ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் மணி அடித்தபோது நான் வீட்டு முற்றத்தில் நின்றேன். எந்த வீட்டுச் சாவோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தோற்றால் என்ன, மாமாவைப் பாராட்டத்தான் வருகிறார்கள் என்று எனக்குப் பெருமை. எங்களிடம் இருந்த இரண்டு நாற்காலிகளையும் இழுத்துப் போட்டு, வந்தவர்களிடமெல்லாம், "எங்க மாமா ரெண்டு பெனால்டி பிடிச்சாரு, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் மக்கா" என்று ஒருவர் என் தலையைத் தொட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அடுத்து வந்தவர்களும் மணலிலேயே உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாததால்தான் எல்லோரும் அதில் உட்காரக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, நான் பக்கத்து வீட்டுக்கு ஓடி இன்னும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.